முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்னது

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் எல்லாரும் விமானம் ஏறிப் போனவர்கள். போன இதழில் தோஹாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு முந்தின இதழில் டொராண்டோவிலிருந்து ஒரு டாக்டரம்மா. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறி, நாகர்கோவிலில் இறங்கி, வேறு பஸ் மாறித் திருவனந்தபுரம் வந்தவள். என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. நான் போய் வெளியூர் வாழ்க்கை பற்றி எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த கோமதிதான் இப்போது இந்த இதழை நடத்துகிறாள். போனில் அவளிடம் ஒரு சம்பவத்தைச் சொல்லப்போய், "அதை அப்படியே எழுதி அனுப்பு செல்வி. பிழையெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். முன்பு என்றால், சரி என்று சொல்லிவிட்டு எழுதாமலே இருந்திருப்பேன். அவளும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுப் புரிந்துகொண்டிருப்பாள். இப்போது எனக்கு அப்படி முடிவதில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

திருவனந்தபுரம் ஒரு வெளிநாடா என்று கேட்டால் இல்லைதான். அதே ரூபாய், அதே இட்லி. நம் ஊரில் மேற்கே தெரிகிற மலை இங்கே கிழக்கே தெரிகிறது, அவ்வளவுதான் தூரம். பாஷையும் பாதி புரிந்துவிடும். பாதி புரிவதால்தான் எனக்கு இத்தனை காலம் பிடித்தது. ஒன்றுமே புரியாத நாட்டுக்குப் போனவர்கள் முதல் நாளிலிருந்தே உஷாராக இருப்பார்கள். நான் எல்லாம் நம் ஊர் போலத்தான் என்று நினைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டேன்.

2

கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள், எதிர்வீட்டு ஓமன சேச்சிக்குத் தேய்த்த துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வீட்டுக்காரருக்கு இஸ்திரி போடுகிற தொழில். கரமனைப் பாலம் தாண்டி ஒரு உள்தெருவில், வாகை மரத்தின் கீழ் எங்கள் வண்டி நிற்கிறது. அன்று மத்தியான நேரம். சேச்சி மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் வைத்திருந்தாள். வாசனை வாசல்வரைக்கும் வந்தது. எனக்கு நல்ல பசி. "கழிக்குந்நோ?" என்று கேட்டாள். சாப்பிடுகிறாயா என்று அர்த்தம். நான் தலையை ஆட்டி, "வேண்டாம் சேச்சி, இப்பதான் சாப்பிட்டேன்" என்றேன்.

நம் ஊரில் இது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாவது தடவை அவர்கள் வற்புறுத்துவது அவர்கள் மரியாதை. மூன்றாவது தடவை கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். நான் இரண்டாவது தடவைக்காக நின்றேன். சேச்சி "ஆ, சரி" என்று சொல்லிவிட்டுச் சட்டியை மூடி, துணியை எண்ணி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன மனுஷி இவள் என்று நினைத்தேன். ரொம்ப வருஷம் கழித்து, பழகியபிறகு, அவளிடமே இதைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. "பசிச்சா பசிக்குந்நுன்னு பறயணும் செல்வீ. எனிக்கு ஜோசியம் அறியில்லல்லோ" என்றாள். பசித்தால் பசிக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டுமாம், அவளுக்கு ஜோசியம் தெரியாதாம்.

ரேஷன் கார்டை இங்கே மாற்றப் போனதும் அதே மாதிரிதான். ஆபீசில் கிளார்க்கின் மேஜைக்கு முன்னால் கைகட்டி நின்றேன். நாற்காலி காலியாக இருந்தது. அவர் உட்காரச் சொன்னார். நான் பரவாயில்லை சார் என்றேன். மறுபடி சொன்னார். மறுபடி பரவாயில்லை என்றேன். ஆபீசரின் முன்னால் உட்காரக்கூடாது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்து மேஜைக்காரரிடம் ஏதோ கேட்டார். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, "எந்தா சேச்சி, சமரம் ஆணோ?" என்றார். சமரம் என்றால் போராட்டம். உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்து நிற்கிறவள் கொடி பிடிக்க வந்தவளாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நான் பயந்துபோய் பொத்தென்று உட்கார்ந்தேன். கார்டு மட்டும் சீக்கிரம் கிடைத்தது. அது உட்கார்ந்ததாலா, சமரத்துக்குப் பயந்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்படிச் சின்னச் சின்னதாகக் கற்றுக்கொண்டேன். சாப்பாட்டு விஷயத்தில் நன்றாகவே கற்றுக்கொண்டேன். போன வருஷம் ஊரில் என் அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில், பந்தியில், "பாயாசம் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று நானே கேட்டுவிட்டேன். பரிமாறிக்கொண்டிருந்த மதினி வாளியோடு நின்றுவிட்டாள். "ஏட்டி, சுத்த மலையாளத்துக்காரியாவே ஆயிட்டியே" என்றாள். ஆனால் பாயாசம் கிடைத்தது.

3

என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெருவில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு இல்லை என்ற சொல்லே வாயில் வராது. ஒருவர் காலையில் ஒரு மூட்டைத் துணியைக் கொண்டுவந்து, சாயங்காலம் வேண்டும் என்றால், "தந்திரலாம் சார்" என்பார். அடுத்தவர் இன்னொரு மூட்டையோடு வந்து அதையே கேட்டால், அவருக்கும் "தந்திரலாம் சார்". சாயங்காலம் இரண்டு பேரும் வந்து நிற்பார்கள். நான் உள்ளே ஒளிய இடம் தேடுவேன். வண்டிக்குள் ஒளிய இடம் ஏது.

காலையில் வண்டியைச் சுற்றி நாலைந்து ஆண்கள் மதில்மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். படிப்பதோடு நிற்காது, சண்டை போடுவார்கள். ஒருவர் ஒரு கட்சி, இன்னொருவர் வேறு கட்சி. விரலை நீட்டி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார்கள். முதல் வருஷம் நான் இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வெட்டுக்குத்து ஆகிவிடும் என்று நடுங்கிக்கொண்டிருப்பேன். கத்தி முடித்ததும் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் ஏறிப் போவார்கள். நம் ஊரில் இவ்வளவு பேச்சு நடந்தால் இரண்டு குடும்பமும் தலைமுறைக்கும் முகம் பார்க்காது. இங்கே பேச்சு வேறு, பகை வேறு. இது தெரிந்துகொள்ளவும் எனக்கு நாளாயிற்று.

எங்கள் மகள் இசக்கி இங்கேயே பிறந்தவள். குலசாமி பேர் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் டீச்சரால் சொல்ல முடியவில்லை என்று அவளே இஷா என்று வைத்துக்கொண்டாள். இப்போது நர்ஸ் வேலை. வீட்டில் எங்களோடு தமிழ், அதுவும் பாதி மலையாளம். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நான் எழுதுகிற இதைக்கூட நான்தான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். சின்ன வயசிலிருந்தே எங்களுக்கு வெளியில் பேச வேண்டியதெல்லாம் அவள்தான் பேசினாள். ஆஸ்பத்திரியில் அவள், கரண்ட் ஆபீசில் அவள், வீட்டுச் சொந்தக்காரரிடம் அவள். பெரியவர்கள் நாங்கள் இரண்டு பேரும் ஒரு சின்னப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு இத்தனை வருஷத்தையும் ஓட்டிவிட்டோம். அது அவளுக்கு எவ்வளவு பாரம் என்று நான் யோசித்ததே இல்லை.

4

இனி சம்பவத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் குடியிருப்போர் சங்கம் ஒன்று உண்டு. அதன் செயலாளர் சோமன் சார், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். ஒரு நாள் காலை அவர் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரோடு வண்டிக்கு வந்தார். தெருமுனை அழகில்லாமல் இருக்கிறது, வாகை மரத்தடியில் செடி வைத்து ஒரு சின்னப் பூங்கா மாதிரி செய்யப்போகிறோம், வண்டியை அந்தக் கடைசியில் ஓடைப் பக்கம் தள்ளிக்கொள்ளலாமே என்றார். "அண்ணாச்சிக்கு எதிர்ப்பு ஒண்ணும் இல்லல்லோ?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் பெட்டியை வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "சரி சார்" என்றார்.

ஓடைப் பக்கம் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அங்கே ரோடு சரிவு. வண்டிக்குக் கல் கொடுத்தாலும் நிற்காது. நிழல் கிடையாது. மழைக்காலத்தில் ஓடை பொங்கி ரோட்டுக்கு ஏறும். எல்லாவற்றுக்கும் மேல், அந்த வழியாக யாரும் போவதில்லை. ஆபீஸ் போகிறவர்கள் வழியில் துணியைக் கொடுத்து, வரும்போது வாங்கிப் போவதுதான் எங்கள் பிழைப்பு. அங்கே போனால் ஒரு மாசம்கூட ஓட்ட முடியாது. இது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சரி சார் என்றார்.

இதைத் திருவனந்தபுரத்துக்காரர்களிடம் விளக்குவது கஷ்டம். உங்களுக்கு விளக்கவே வேண்டாம். பெரிய மனிதர் வாசலில் வந்து நின்று ஒன்று சொன்னால், முகத்துக்கு நேரே மாட்டேன் என்போமா? சரி என்போம். குரலை இறக்கிச் சொல்வோம். அந்தக் குரலில் எல்லாம் இருக்கும். அவர் நம் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். இரண்டு நாள் கழித்து, வேறு யாராவது அவரிடம் போய், பாவம் அவன் எங்கே போவான் என்பார்கள். அவரும், அதானே, நானும் யோசித்தேன் என்பார். விஷயம் முடிந்தது. யாருக்கும் முகம் வாடாது.

நாங்கள் அந்த வேறு யாரோ ஒருவருக்காகக் காத்திருந்தோம். யாரும் போகவில்லை. எல்லாரும் அண்ணாச்சிக்குச் சம்மதம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது. ஓமன சேச்சிதான் போனைக் கொண்டுவந்து காட்டினாள். இஸ்திரி வண்டிக்காரர் சம்மதித்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் முடிவெடுக்கப்படும் என்று இருந்தது.

5

அன்று வீட்டில் மூன்று பேரும் சாப்பிடவில்லை.

கல்லாற்றில், பொன்முடி போகிற ரோட்டோரம், என் கொழுந்தனார் டீக்கடை வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் அங்கே போய் இருக்கிறேன் என்றார். கிளாஸ் கழுவுகிற வேலையாவது கிடைக்கும், வாரத்துக்கு ஒரு தடவை வருகிறேன், நீ நாலு வீட்டில் வேலை பார் என்றார். அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால் மனசுக்குள் ஏற்கனவே பஸ் ஏறிவிட்டார் என்று தெரிந்தது.

சோமன் சாரிடம் போய்ச் சொல்லிவிடலாமே என்றேன் நான். அவர் என்னை முறைத்தார். "ஒரு தடவ சரின்னு சொல்லியாச்சி. இனிமே போயி மாத்திப் பேசுனா நம்மள என்ன மனுஷன்னு நெனப்பாவ?"

இசக்கி அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "அப்பா, நீங்க சரின்னு பறஞ்சா அவங்களுக்கு சரின்னுதான் கேக்கும். அவங்க மேல எந்தினா கோபப்படணும்?" என்றாள். எந்தினா என்றால் எதற்கு.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நீ வந்து பேசு மக்களே என்றேன். எனக்கு டூட்டி என்றாள். மாற்றிக்கொள்ளேன் என்றேன். அவள் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"டூட்டி இல்லெங்கிலும் நான் வரமாட்டேன்ம்மா. ரெண்டாம் கிளாஸ்லேர்ந்து நான் உங்களுக்காகப் பேசுறேன். எனக்குக் கல்யாணம் கழிஞ்சு போனா யாரு பேசும்? வண்டி உங்களோடதுதானே. நீங்க பேசுங்க."

அவள் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எதிர்த்துப் பேசுகிறாள், ஊர்ப் பழக்கம் எதுவும் இல்லை என்று கத்தினார். எனக்கும் அப்போது கோபம்தான். நம் பிள்ளை நம் பிள்ளையாக இல்லாமல் போய்விட்டதே என்று தோன்றியது. படுத்தபிறகு யோசித்துப் பார்த்தேன். வீட்டில் மூன்று பேரில் நினைத்ததை நினைத்தபடி சொன்னவள் அவள் ஒருத்திதான். அதைக் கேட்க எங்களுக்கு எவ்வளவு வலித்தாலும், அவள் என்ன நினைக்கிறாள் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். நாங்கள் என்ன நினைக்கிறோம் என்று சோமன் சாருக்குத் தெரியாது.

6

மறுநாள் ஓமன சேச்சியிடம் போனேன். அவள் ரிட்டயர்ட் டீச்சர். தெருவில் யாருக்கும் பயப்படாதவள். எங்களுக்காகக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டேன். அதைக் கேட்கவே எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. முதலில் மழையைப் பற்றியும் அவள் மருமகளைப் பற்றியும் பேசினேன்.

சேச்சி முழுவதையும் கேட்டுவிட்டு, "எனிக்கு அவிடெ பூந்தோட்டம் வேணும் செல்வீ" என்றாள். "நான் நினக்கு எதிராயிட்டுதான் கை பொக்கும்."

எனக்கு எதிராகக் கை தூக்குவாளாம். இவ்வளவு வருஷம் பழகியவள். நான் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு கிளம்பினேன். சேச்சி என் தோளைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தாள்.

"எங்கோட்டா போற? நீ வந்து பறயணும். நான் எதிருதான். எந்நாலும் நீ பறயாதெ இது பாஸாகரது. அது சரியல்ல."

இப்படி ஒன்றை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. உனக்கு எதிராகத்தான் கை தூக்குவேன், ஆனால் நீ வந்து உன் பக்கத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. நம் ஊரில் எதிரி என்றால் எதிரி, வேண்டியவர் என்றால் வேண்டியவர். இவளை நான் எந்தக் கணக்கில் வைப்பது? அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். வேண்டுமா என்று ஒரு தடவைதான் கேட்டாள். நான் வேண்டும் என்றேன்.

கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்று கேட்டேன். கை தூக்கு, உன் பேரைச் சொல்லு, சொல்லி முடிக்கும்வரை உட்காராதே, யார் குறுக்கே பேசினாலும் உட்காராதே என்றாள். "நீ இருந்தா கழிஞ்சு" என்றாள். உட்கார்ந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

7

கூட்டம் வாசகசாலையின் மேல்மாடியில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் இடம் இருந்தும் நானும் என் வீட்டுக்காரரும் பின்னால் கதவோரம் இருந்தோம். அவர் வரமாட்டேன் என்றுதான் இருந்தார். நான் வேட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு வெளியே நின்றேன். கட்டிக்கொண்டு வந்தார்.

முதலில் தெருவிளக்கு, பிறகு குப்பை, பிறகு நாய். நாய் விஷயத்தில் பெரிய சண்டை. கடைசியில் சோமன் சார் தெருமுனைப் பூங்கா என்று வாசித்தார். அண்ணாச்சி சம்மதித்துவிட்டார், யாருக்கும் ஆட்சேபம் இல்லையே என்றார். எல்லாரும் அடுத்ததற்குப் போகத் தயாரானார்கள்.

நான் கையைத் தூக்கினேன். யாரும் பார்க்கவில்லை. எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அப்போது எல்லாரும் பார்த்தார்கள்.

"என் பேர் செல்வி" என்றேன். இத்தனை வருஷமாக என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். இருந்தும் சேச்சி சொன்னபடி சொன்னேன்.

உடனே ஒருவர், இவர்கள் உறுப்பினரே இல்லையே, வாடகைக்கு இருப்பவர்கள் பேசலாமா என்று கேட்டார். பின்னாலிருந்து இன்னொரு குரல், பாண்டிக்கெல்லாம் இங்கே என்ன என்று முணுமுணுத்தது. பாண்டி என்பது இங்கே நம்மைச் சொல்கிற சொல். மரியாதையான சொல் இல்லை. என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை.

நான் வாய் திறப்பதற்கு முன்னால் ஓமன சேச்சி எழுந்துவிட்டாள். முணுமுணுத்தவரைப் பார்த்து, "ஆரா அது? எணீற்று நின்னு பற" என்றாள். யாரும் எழவில்லை. பிறகு அவளுக்கும் உறுப்பினர் விஷயம் கேட்டவருக்கும் சங்க விதிகளைப் பற்றி நீண்ட வாதம் நடந்தது. தெருவில் குடியிருக்கிறவர் யாரும் பேசலாம், ஓட்டும் போடலாம் என்றாள் சேச்சி. பேசலாம், ஓட்டு கிடையாது என்றார் அவர். அவர்கள் பேசி முடிக்கும்வரை நான் விழுந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். பேசலாம் என்பது மட்டும் முடிவாயிற்று.

மலையாளத்தில் சொல்ல மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வரவில்லை. முன்வரிசையில் யாரோ, தமிழ் போதும், எங்களுக்குப் புரியும் என்றார்கள். அதற்குப் பிறகு எனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

"எங்க வீட்டுக்காரர் சரின்னு சொன்னது உண்மைதான். அது சம்மதம் இல்ல. எங்க ஊர்ப் பக்கம் வாசல்ல வந்து கேக்குறவங்களுக்கு முகத்துக்கு நேரே இல்லன்னு சொல்லமாட்டோம். அது எங்க பழக்கம். உங்களுக்கு அது தெரியாது. உங்க மேல தப்பு இல்ல. அதனால நான் இப்ப சொல்லுதேன். எங்களுக்குச் சம்மதம் இல்ல."

என் காதில் என் குரலே ஒலித்துக்கொண்டிருந்தது.

ராமநாதன் சார் என்று ஒருவர் உண்டு. கரமனை அக்கிரகாரத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் புது வீடு கட்டியவர். பேங்கில் இருந்தவர். எங்களோடு அவருடைய வீட்டுத் தமிழில்தான் பேசுவார். அவர் மெதுவாகக் கை தூக்கினார்.

"ஒரு சந்தேகமாக்கும். 'சாயங்காலம் தந்திரலாம் சார்'னு அண்ணாச்சி நித்தியம் சொல்றாரே, அதுவும் இந்த வகையிலே சேர்ந்ததுதானா?"

முழு ஹாலும் சிரித்தது. மதில்மேல் பேப்பர் படிக்கிறவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். என் சட்டை, என் மகளுடைய யூனிபார்ம், என் மச்சினன் கல்யாணத்து முண்டு என்று ஆளாளுக்கு எடுத்துவிட்டார்கள். எனக்கு முகம் சுட்டது. திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்திருந்தார், தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார், அதுவும் அதே வகைதான்" என்றேன்.

மறுபடி சிரிப்பு. ஆனால் அந்தச் சிரிப்பில்தான் அவர்களுக்கு விஷயம் விளங்கியது என்று நினைக்கிறேன். நான் பழக்கம் என்று சொன்னதை அவர்கள் எல்லாரும் எத்தனையோ சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி அனுபவித்திருந்தார்கள்.

சோமன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் உங்களுக்கு என்ன வேண்டும், அதைச் சொல்லுங்கள் என்றார்.

நீங்க பார்த்துச் செய்யுங்க சார் என்பது என் நாக்கின் நுனியில் வந்து நின்றது. நம் ஊரில் அதுதான் கடைசி வார்த்தை. முடிவைப் பெரியவர்கள் கையில் விட்டுவிடுவது. அதைச் சொல்லியிருந்தால் எல்லாரும் சந்தோஷமாகப் பார்த்துச் செய்திருப்பார்கள், வண்டி ஓடைக்குப் போயிருக்கும். நான் அதை விழுங்கினேன்.

"வண்டி அங்கேயே நிக்கணும்" என்றேன். "செடி வேணும்னா வண்டிக்கு ரெண்டு பக்கமும் வையுங்க. நாள் பூரா நாங்க அங்கதான இருக்கோம், தண்ணி நான் ஊத்துதேன். வண்டி பழசா அசிங்கமா இருக்குன்னா பெயிண்ட் அடிக்கோம். ஓடைப் பக்கம் போகமாட்டோம்."

சொல்லி முடித்துவிட்டேன். முடித்தது தெரியாமல் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். சேச்சி முன்னாலிருந்து, இனி உட்காரலாம் என்று கையைக் காட்டினாள்.

வண்டி அங்கேயே இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கும்படி சோமன் சார் சொன்னார். ராமநாதன் சார் தூக்கினார். மதில்காரர்கள் எல்லாரும், இரண்டு கட்சியும், தூக்கினார்கள். உறுப்பினர் இல்லை என்று வாதாடியவர் யோசித்துவிட்டுத் தூக்கினார். அவருக்குத் தினமும் தேய்த்த சட்டை வேண்டும். வேண்டாம் என்பவர்கள் என்றபோது நாலைந்து கைகள். அதில் முதல் கை ஓமன சேச்சியுடையது. நன்றாக உயர்த்தி, என்னைப் பார்த்துக்கொண்டே தூக்கினாள்.

8

கீழே இறங்கி வந்தபோது படிக்கட்டில் அவளே என் கையைப் பிடித்தாள். தோற்ற வருத்தம் கொஞ்சம்கூட இல்லை. கனகாம்பரம் வைக்காதே, செம்பருத்தி வை, உங்கள் ஊர்க்காரர்களுக்கு எப்போதும் கனகாம்பரம்தான் என்று வம்பு இழுத்தாள். எனக்குக் கனகாம்பரம்தான் வேண்டும் என்றேன். அதற்கும் தெருவரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே வந்தோம். நான் குரலை உயர்த்திச் சண்டை போட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ரொம்ப நன்றாக இருந்தது.

என் வீட்டுக்காரர் சோமன் சாரோடு பின்னால் வந்தார். பொய் சொன்னவன் என்று நினைப்பார்கள் என்று பயந்தவர் அல்லவா? சார் அவர் தோளில் கை போட்டிருந்தார். பூங்காவுக்கு எந்தப் பக்கம் எவ்வளவு இடம் விடலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். இவர் முதலில் உங்க இஷ்டம் சார் என்றார். பிறகு கொஞ்ச தூரம் நடந்து, தொண்டையைச் செருமி, "தெற்குப் பக்கம் கொஞ்சம் கம்மியா வச்சா நல்லது சார். பெட்டிக்குக் கேஸ் சிலிண்டர் வைக்கணும்" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வெட்கப்படுவார்.

இசக்கிக்குப் போன் செய்து சொன்னேன். வார்டில் இருந்தாள், சத்தமாகப் பேச முடியாது. "அம்மே" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு மனசு நிறைந்தால் தமிழ் போய்விடும். முன்பெல்லாம் அதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அன்று இருக்கவில்லை.

நம் பழக்கம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. முகம் வாடாமல் வாழ்வதும் ஒரு நல்ல வழிதான். அடுத்தவர் மனசைக் கேட்காமலே தெரிந்துகொள்கிற ஊரில் அது செல்லும். மனசைத் தெரிந்துகொள்ள முடியாத ஊரில் வாயைத் திறக்க வேண்டும். வாயைத் திறந்தால் கேட்கிற ஊர் இது. இங்கே எனக்கு அதைச் சொல்லித் தந்தவர்கள் யாரும் என்னை மட்டமாகப் பார்க்கவில்லை. பேசு என்றார்கள், பேசியதைக் கேட்டார்கள், பிடிக்காதவர்கள் எதிராகக் கை தூக்கினார்கள், பிறகு சேர்ந்து நடந்து வந்தார்கள். தோஹாவிலும் டொராண்டோவிலும் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம். எனக்கு இது பெரிய விஷயம்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையிலிருந்து மழை, வேலை குறைவு. மத்தியானத்துக்கு மேல் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து வண்டிக்கு இரண்டு பக்கமும் குழி வெட்டிவிட்டுப் போனார்கள். செடி இன்னும் வரவில்லை.